கெய்ன்ஸில் மூன்று நாள் ஸ்கூபா: தினப் படகா, தங்கும் படகா?

ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் கையில் இருக்கிறது. விடுமுறை நான்கைந்து நாள்தான். போவது பவளத்திட்டுகளின் நீண்ட தொடரான கிரேட் பேரியர் ரீஃப் என்பதும் முடிவாகிவிட்டது. இப்படி ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் இருக்கும் கெய்ன்ஸில் வந்து இறங்குகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, காலையில் போய் மாலையில் கரை திரும்பும் தினப் படகு. இரண்டாவது, பவளத்திட்டிலேயே இரண்டு இரவு தங்கும் படகு. லைவ்அபோர்டு என்றால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். மூன்றாவது, வடக்கே ரிப்பன் ரீஃப்ஸ் என்னும் திட்டு வரிசை வரைக்கும், சில சமயம் அதையும் தாண்டிப் பவளக் கடலுக்குள்ளும் போகிற நீண்ட பயணம்.

சிட்னி, மெல்பர்னில் வேலை பார்க்கும் நம்மவர்களும் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் இந்த மூன்றில் எது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாகச் சான்றிதழ் வாங்கியவருக்கும் சரி, ஏதோ இருபது முப்பது டைவ் அடித்தவருக்கும் சரி, இரண்டு இரவு லைவ்அபோர்டுதான். ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் தூரம். நார்மன், சாக்ஸன், ஹேஸ்டிங்ஸ், மில்ன், ஃப்ளின் போன்ற வெளித்திட்டுகள் கெய்ன்ஸிலிருந்து ஏறக்குறைய ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வேகமான படகுக்கே போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், வர அதே நேரம். தினப் படகு காலை 8 மணி சுமாருக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் துறைக்கு வந்துவிடும். திட்டின் மேல் கிடைப்பது நாலைந்து மணி நேரம், அதுவும் உச்சி வெயில் நேரம். அதற்குள் இரண்டு டைவ், சில படகுகளில் மூன்று. கூடவே மூச்சுக்குழாய் வைத்து மேற்பரப்பிலேயே நீந்தும் ஸ்நார்க்கெல் செய்ய வந்தவர்கள், முதல்முறை தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் என்று பெரிய கூட்டமும் படகில் இருக்கும்.

பணக் கணக்கைப் பார்ப்போம். சான்றிதழ் உள்ளவருக்கு இரண்டு டைவ், கருவி வாடகை, மதியச் சாப்பாடு சேர்த்துத் தினப் படகுக்கு 300 ஆஸ்திரேலிய டாலர் தாண்டிவிடும். மூன்று நாளும் போனால் 900க்கு மேல். கிடைப்பது ஆறு டைவ், அதிகம் போனால் ஒன்பது. ராத்தங்கலும் இரவுச் சாப்பாடும் தனிச் செலவு. மூன்று நாள், இரண்டு இரவு லைவ்அபோர்டு 1,000 டாலருக்கு மேல் போகும். படுக்கை, எல்லா வேளைச் சாப்பாடு, 9 முதல் 11 டைவ் வரை அதிலேயே அடக்கம். அந்த டைவ்களில் இரண்டு இரவு டைவ். ஒரு டைவுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் தங்கும் படகுதான் மலிவு. விளம்பர விலையில் கடல் பூங்காக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் கருவி வாடகையும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் அதையெல்லாம் படகில் ஏறிய பிறகு வாங்குவார்கள்.

ஆனால் நான் லைவ்அபோர்டைச் சொல்வது மலிவு என்பதற்காக மட்டும் இல்லை.

காலை ஆறரையும் இரவு ஏழும்

தினப் படகு பயணிக்குக் கிடைக்கவே கிடைக்காத இரண்டு நேரங்கள் இருக்கின்றன: விடிந்ததும் ஒன்று, இருட்டியதும் ஒன்று. தங்கும் படகில் முதல் டைவ் காலை ஆறரை சுமாருக்கே இருக்கும். காபியைக் குடித்துவிட்டு, முந்தைய நாளின் ஈரம் காயாத வெட்சூட்டுக்குள் நுழைவது கொஞ்சம் கஷ்டம்தான். இறங்கிவிட்டால் வேறு உலகம். வெளிச்சம் சாய்வாக விழும், மீன்கள் பரபரப்பாக இருக்கும். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாக வந்து பவளத்தைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் காதில் நன்றாகக் கேட்கும். கடித்த பவளத்தை அரைத்து அவை வெண்மணலாக வெளியே விடுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

இரவு டைவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலர் அதற்குப் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். முதல் இரவு டைவுக்கு வழிகாட்டி கூட வருவது இந்தப் படகுகளில் வழக்கம். சிலிண்டர் தலையில் ஒரு ஒளிக்குச்சியைக் கட்டிவிடுவார்கள், கையில் டார்ச். படகின் பின்பக்க விளக்கு வெளிச்சத்தில் சின்ன மீன்கள் சேர, அவற்றைத் தின்னப் பாரை மீன்கள் வந்துவிடும். சாம்பல் நிறத் திட்டுச் சுறாக்களும் ஓரமாகச் சுற்றும். அவற்றுக்கு நடுவே இறங்குகிற அந்த முதல் நிமிடம்தான் நெஞ்சு அடிக்கும். திட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் அமைதியாகிவிடும். பகலில் சுருங்கி இருந்த பவளப் பாலிப்கள் கைகளை விரித்து இரை பிடித்துக்கொண்டிருக்கும். சிலவகைக் கிளிமீன்கள் தங்களைச் சுற்றிக் கோழையால் மெல்லிய உறை ஒன்றைச் செய்து, அதற்குள் அசையாமல் தூங்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால், அந்த உறையில் ஒட்டியிருக்கும் மணல் துகள் வரைக்கும் தெரியும். பாறை விளிம்புக்கு அடியில் தலையைச் செருகித் தூங்கும் பேராமையைப் பார்க்க நேர்ந்தால் விளக்கை அதன் கண்ணில் அடிக்காதீர்கள். திடுக்கிட்டு எழுந்து பாறையில் மோதிக்கொள்ளும்.

பவளங்கள் கூட்டமாக முட்டையும் விந்தும் வெளியிடும் இரவுகளும் இங்கே உண்டு. 1981இல் டவுன்ஸ்வில் அருகே மேக்னெட்டிக் தீவில் ஆராய்ச்சி மாணவர்கள் அதை முதலில் பதிவு செய்தார்கள். வெளித்திட்டுகளில் பெரும்பாலும் நவம்பர் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் நடக்கும், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் ஆகும். அந்த வாரத்துக்குப் பயணம் அமைந்தால் தங்கும் படகைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு, அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். புதியவருக்கு முதல் இரண்டு மூன்று டைவ் கருவியோடு போராடுவதிலேயே போய்விடும். இடுப்பில் எவ்வளவு எடை வேண்டும், பிசிடி என்னும் மிதவைச் சட்டையில் எவ்வளவு காற்று விட வேண்டும், மூச்சை எப்படி நிதானமாக இழுப்பது என்பதெல்லாம் அடுத்தடுத்து இறங்கினால்தான் பிடிபடும். ஐந்தாவது, ஆறாவது டைவில் உடம்பு தானாக மிதக்கத் தொடங்கும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று முன்பு அரை மணி நேரத்தில் தீர்ந்தது, இப்போது முக்கால் மணி நேரம் வரும். தினப் படகில் இந்த நிலைக்கு வந்து சேரும்போது மூன்றாம் நாள் மாலை ஆகிவிடும், ஊருக்குக் கிளம்ப வேண்டும். லைவ்அபோர்டில் இரண்டாம் நாள் காலையிலேயே வந்துவிடலாம், மிச்சம் அத்தனையும் மீனையும் பவளத்தையும் பார்ப்பதற்கு. மிதவை கைக்கு வந்தவரின் காலில் மாட்டிய ஃபின்ஸ் பட்டுப் பவளம் உடைவதும் குறையும். எனக்கு அது முக்கியம்.

வழிகாட்டி கூட வருவாரா?

மாலத்தீவிலோ தாய்லாந்திலோ டைவ் அடித்துப் பழகியவர்கள் கெய்ன்ஸில் ஒரு விஷயத்தில் திகைத்துப் போகிறார்கள். அங்கே வழிகாட்டி முன்னால் போவார், நாம் பின்னால் போவோம். இங்கே சான்றிதழ் உள்ளவர்கள் ஜோடி ஜோடியாகத் தாங்களே போய்வர வேண்டும். இறங்குவதற்கு முன்னால் வெள்ளைப் பலகையில் திட்டின் படம் போட்டு, நீரோட்டம் எந்தப் பக்கம், எந்தப் பாறையைச் சுற்றித் திரும்ப வேண்டும், எத்தனை மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விளக்குவார்கள். காற்று 100 பார் வந்ததும் திரும்ப வேண்டும், 50 பாருடன் மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான், அப்புறம் நீங்களும் உங்கள் ஜோடியும்தான்.

எனக்கு இந்த முறை பிடிக்கும். திசைகாட்டியைப் பார்த்துப் படகுக்குச் சரியாகத் திரும்பி வந்த டைவர் நிஜமாகவே ஒன்றைக் கற்றுக்கொண்டவர். ஆனால் சான்றிதழ் வாங்கி ஒரு வருஷம் தண்ணீரில் இறங்காதவர் முதல் நாளே இதைச் செய்யக் கூடாது. கூடுதல் பணம் கொடுத்தால் வழிகாட்டி கிடைப்பார். முதல் இரண்டு டைவுக்காவது கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகிறவருக்குப் படகிலேயே ஜோடி சேர்த்துவிடுவார்கள். அந்த ஆளிடம் எத்தனை டைவ் ஆயிற்று, காற்று எவ்வளவு வேகமாகத் தீரும் என்று மேல்தளத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

ஒவ்வொரு டைவும் முடிந்து மேலே வந்ததும் உங்கள் கையாலேயே பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஆழம், நேரம், மிச்சக் காற்று எல்லாம் எழுத வேண்டும். அடுத்த இடத்துக்கு நகரும் முன் தலை எண்ணுவார்கள், சில படகுகளில் இரண்டு முறை. 1998 ஜனவரியில் போர்ட் டக்ளஸிலிருந்து போன ஒரு படகு, செயின்ட் கிறிஸ்பின் திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் குவீன்ஸ்லாந்தில் இந்த எண்ணும் முறை இவ்வளவு கண்டிப்பானது. சலிப்பாக இருந்தாலும் உங்களுக்குப் பதிலாக வேறு யாரையும் கையெழுத்துப் போடவிடாதீர்கள்.

நகரும் படகு, நிற்கும் படகு

இரண்டு இரவுப் படகுகளிலும் இரண்டு வகை. ஒன்று துறையிலிருந்து தானே கிளம்பி, இரண்டு மூன்று திட்டுகளுக்கு நகர்ந்து, மூன்றாம் நாள் தானே திரும்பி வரும். மற்றது கடலிலேயே இருக்கும். தினப் படகில் உங்களைக் கொண்டுபோய் அதில் ஏற்றிவிடுவார்கள். முதல் வகையில் கூட்டம் குறைவு, எல்லாரும் டைவர்கள், இடமும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகைப் படகு பெரும்பாலும் பெரியது, ஆட்டம் குறைவு, அறைகள் வசதியானவை. ஒரே இரவு மட்டும் தங்குவதும் அதில் எளிது. ஜோடியில் ஒருவர் டைவர், மற்றவர் ஸ்நார்க்கெல் மட்டும் என்றால் இரண்டாவதுதான் சரி. இரண்டு பேரும் டைவர் என்றால் நகரும் படகைத் தேர்ந்தெடுங்கள்.

அறை விஷயத்தில் அதிகம் செலவழிக்க வேண்டாம். நாளைக்கு நான்கு டைவ் அடித்தவருக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். இன்ஜினுக்குப் பக்கத்து அறை வேண்டாம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீர் அளவாகத்தான் இருக்கும், குளியல் சுருக்கமாக. சைவம், மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையெல்லாம் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். கடலுக்குப் போன பிறகு சமையல்காரர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பாஸ்தாவும் சாலடும் மூன்று நாள் தொடர்ந்து இறங்காதவர்கள் ஓர் ஊறுகாய் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் அதைச் சுங்கப் படிவத்தில் காட்டிவிட வேண்டும்.

ரிப்பன் ரீஃப்ஸ் எப்போது?

மூன்றாவது வழி அழகானது, இல்லை என்று சொல்ல முடியாது. ரிப்பன் ரீஃப் 10இல் இருக்கும் காட் ஹோலில், களவா இனத்தைச் சேர்ந்த பொட்டேட்டோ காட் மீன்கள் மனிதரைக் கண்டு ஒதுங்காமல் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்; நூறு கிலோ வரைக்கும் வளரக்கூடிய மீன் அது. ஜூன், ஜூலையில் குட்டை மின்கே திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. அனுமதி பெற்ற படகுகள் நீளக் கயிற்றைத் தண்ணீரில் விடும், அதைப் பிடித்துக்கொண்டு மேற்பரப்பில் மிதக்க வேண்டும். நாம் அதைத் தேடிப் போகக் கூடாது, அதுதான் நம்மைப் பார்க்க வரும். இன்னும் வெளியே ஆஸ்ப்ரே ரீஃப். திட்டின் செங்குத்துச் சுவர் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. தண்ணீர் கண்ணாடி, சுறாக்கள் நிறைய.

இருந்தாலும் இதை முதல் பயணமாக நான் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு இரவுக்கே 2,000 டாலருக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் லிசர்ட் தீவுக்குச் சிறு விமானப் பயணமும் அதில் சேர்ந்து வரும். நல்ல இடங்கள் பல ஆழமானவை, நீரோட்டமும் உண்டு. 18 மீட்டர் வரை மட்டும் போகக்கூடிய ஓப்பன் வாட்டர்காரருக்குப் பாதி விருந்துதான் கிடைக்கும். ஆஸ்ப்ரே என்றால் திறந்த கடலில் இரவு முழுக்க ஆட்டம். கெய்ன்ஸ் வெளித்திட்டில் பவளத் தோட்டங்கள் பெரும்பாலும் ஐந்து முதல் இருபது மீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே இரண்டு இரவு தங்கி, கரைக்கு வந்து அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழை முடித்து, ஐம்பது டைவ் ஆன பிறகு ரிப்பன் ரீஃப்ஸ் போனால் கொடுத்த பணத்துக்கு முழுப் பலன் கிடைக்கும். மின்கே திமிங்கிலம் மட்டும்தான் இதற்கு விலக்கு. அது ஸ்நார்க்கெல் காரியம். ஜூன் கடைசியில் லீவு கிடைத்து, பணமும் இருந்தால், டைவ் எண்ணிக்கையைப் பார்க்காமல் போய்விடுங்கள்.

பவளம் நிறம் இழந்து வெளிறுவதைப் பற்றியும் பேச வேண்டும். 2016, 2017, 2020, 2022, 2024 என்று கடல் சூடாகிப் பவளங்கள் கூட்டமாக வெளிறின. 2016இல் அதிகம் அடிபட்டது வடக்குப் பகுதிதான், ஆகவே தூரம் போனால் பவளம் முழுசாக இருக்கும் என்ற கணக்கு எப்போதும் சரிவராது. ஒரே திட்டில்கூட ஒரு பக்கம் பாழாகி, இன்னொரு பக்கம் செழிப்பாக நிற்பதைப் பார்க்கலாம். படகுக்காரரிடம் போன மாதம் எந்தத் திட்டுகளுக்குப் போனீர்கள், பவளம் எப்படி இருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் மறைக்காமல் சொல்லும். சுற்றிச் சுற்றி விளம்பர வாசகத்தையே சொல்கிறவரிடம் நான் பணம் கட்டமாட்டேன்.

மாதம் பார்ப்பது இப்படி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், ஜூலை ஆகஸ்டில் தண்ணீர் 23 டிகிரி பக்கம் இறங்கும்; நம் ஊர்க் கடலில் பழகியவருக்கு அது குளிர், தடித்த வெட்சூட் கேளுங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் தொடக்கம் பொதுவாகக் கடல் அமைதி, தண்ணீர் வெதுவெதுப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை மழை, புயல் ஆபத்தும் உண்டு. நவம்பர் முதல் மே வரை விஷ ஜெல்லிமீன் காலம் என்பதால் தலை முதல் கால் வரை மூடும் லைக்ரா உடை தருவார்கள், அதைப் போடாமல் இறங்க வேண்டாம்.

யாருக்கு இது வேண்டாம்

சிறு குழந்தைகளோடு வருகிற குடும்பத்துக்கும், தண்ணீருக்குள் இறங்கவே விருப்பமில்லாத பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கும் தினப் படகுதான், அதிலும் கடலில் பெரிய மிதவைத் தளம் கட்டியிருக்கும் படகு. அம்மா கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்து மீன் பார்க்கலாம், நீங்கள் இரண்டு டைவ் அடித்துவிட்டு வரலாம். வாந்தி, தலைச்சுற்றல் அதிகம் உள்ளவர்கள் முதலில் ஒரு தினப் படகில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடல் மயக்க மாத்திரையைக் கரையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கடுமையாகத் தூக்கம் வரவைக்கும் மாத்திரையோடு டைவ் அடிக்கக் கூடாது. ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை நோய், வலிப்பு போன்றவை இருந்தால் மருத்துவர் சான்று இல்லாமல் படகில் டைவ் செய்ய விட மாட்டார்கள். ஊரிலேயே வாங்கி வந்துவிடுங்கள்.

சான்றிதழே இல்லாதவருக்கும் லைவ்அபோர்டு உண்டு. பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் சென்னையிலோ புதுச்சேரியிலோ முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய நான்கு பயிற்சி டைவ்களை மட்டும் கெய்ன்ஸில் செய்யலாம். படகில் அது முடிந்த கையோடு, மிச்ச டைவ்களைச் சான்றிதழ் பெற்ற டைவராகவே அடிக்கலாம்.

கடைசியாக விமானம். இத்தனை டைவ் அடித்தவர் உடம்பில் நைட்ரஜன் சேர்ந்திருக்கும், உயரே போய்க் காற்றழுத்தம் குறைந்தால் அது குமிழியாகி ஆபத்தாகும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. கெய்ன்ஸில் பலரும் 24 மணி நேரம் என்றே சொல்கிறார்கள், நானும் அதையே பிடித்துக்கொள்வேன். குரந்தா மலைக்கும் அதர்டன் பீடபூமிக்கும் ஏறுவதும் இந்தக் கணக்கில் வரும், ஏனென்றால் அவை 300 மீட்டருக்கு மேல். ஆகவே மலையை முதலில் பாருங்கள், படகை அதற்குப் பின் வையுங்கள், படகிலிருந்து இறங்கிய மறுநாள் மாலை விமானத்துக்கு டிக்கெட் போடுங்கள். நைட்ராக்ஸ், அதாவது ஆக்ஸிஜன் கூடிய காற்றுக்கான சான்றிதழ் இருந்தால் 32 சதவீத ஆக்ஸிஜன் கலவை கேட்டு வாங்கலாம். நைட்ரஜன் சேர்வது குறையும், ஆனால் விமானத்துக்கான இடைவெளியைக் குறைத்துக்கொள்ள அது காரணமாகாது. கரையில் காத்திருக்கும் அந்த ஒரு பகலுக்கு எஸ்பிளனேட் கடலோர நீச்சல்குளம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.